ஜெனரலிடம் அட்டை கேட்ட நாள்

ரொறன்ரோவில் இராணுவ அதிகாரிகள் படிக்க வரும் கட்டடமொன்றின் வாசலில் நான் பதினாறு வருடமாகக் காவலாளி. உள்ளே என்ன படிப்பிக்கிறார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வாசலைக் கடப்பவர்களின் தோள்களைத்தான் தெரியும்.

ஒரு பெண் அதிகாரியையும் அப்படித்தான் அறிந்தேன். முதலில் மேஜர்; தோளில் ஒரு கிரீடம் மட்டும். பிறகு எங்கோ வெளிநாட்டுக் கடமைக்குப் போய், வெயிலில் முகம் கறுத்துத் திரும்பினார். கிரீடத்தோடு ஒரு நட்சத்திரம் சேர்ந்திருந்தது. சில வருடத்தில் இரண்டு நட்சத்திரம், கேணல். அம்மாடி, இந்த மனுசி எங்கே போய் நிற்கப்போகிறார் என்று வாயைப் பிளந்திருக்கிறேன்.

போன மாசியில் பிரிகேடியர் ஜெனரலாக வந்தார். தோளில் குறுக்கு வாள், மேப்பிள் இலை. காலைக் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. சட்டைப் பையைத் தடவினார், கைப்பையைக் கிளறினார். அடையாள அட்டை இல்லை.

அட்டை இல்லாத எவரையும் அப்படியே உள்ளே விடக்கூடாது. விட்டால் என் வேலை போகும். மறித்தாலும் போகும் என்றுதான் எனக்குப் பட்டது. போனால் பழையபடி பிறம்ரன் வெயர்ஹவுஸில் பெட்டி தூக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயது முதுகு அதற்குச் சரிவராது.

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை குனிந்து கிசுகிசுத்தார்.

"உவ ஆரெண்டு தெரியும்தானே? பேசாமல் விடு."

"தெரியும் அண்ணை. ஆனா அட்டை இல்லையே."

"உனக்கென்ன விசரே?"

விசர்தான். ஊரில் சண்டைக் காலத்தில் ஒருநாள் அட்டையை வீட்டில் மறந்து, இராணுவம் சோதிக்கும் சென்றியடிக்குப் போனேன். முழு வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். அன்று என்னை மறித்தவன் ஒரு சாதாரண சிப்பாய். இப்போது நான் மறிப்பது ஜெனரலை.

"மன்னிக்க வேணும், மேடம். அட்டை இல்லாமல் விட ஏலாது," என்று ஆங்கிலத்தில் ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

"நீங்கள் சொல்வது சரி. பிழை என்னுடையது," என்றார்.

சாரதிப் பத்திரத்தைக் காட்டினார். வருகையாளர் புத்தகத்தில் குனிந்து கையெழுத்து வைத்தார். 'துணையின்றி நடமாடக்கூடாது' என்று சிவப்பில் எழுதிய வில்லையைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாசல் வாங்கில் போய் உட்கார்ந்தார். துணைக்குக் கூப்பிட்ட கோப்ரல் ஓடி வந்து, யாரென்று கண்டு வெலவெலத்துப் போனான். அவன் முன்னே நடக்க, ஜெனரல் பின்னே போனார். கூட்டத்துக்குப் பத்து நிமிடம் பிந்தித்தான் போனார். இப்படியும் ஒரு இராணுவமா! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பின்னேரம் வந்து வில்லையைக் கழற்றித் தந்தார். புத்தகத்தில் வெளியேறும் நேரத்தை எழுதினார். பிறகு எனக்கு நேரே நிமிர்ந்து நின்றார்.

"தாங்க் யூ, சேர்."

சீருடை போட்ட ஒருவர் என்னை 'சேர்' என்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கதவு மூடிய பிறகும் எவ்வளவு நேரம் எழுந்து விறைப்பாக நின்றேனோ தெரியாது.

"இரடாப்பா, அவ போயிட்டா," என்றார் அண்ணை.

எனக்குக் கதிரையில் இருக்க மனம் வரவில்லை.