தூசி என்று அழித்த நட்சத்திரங்கள்

நான் ஸ்ரீரங்கத்தில் பல் மருத்துவர். தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. வையம்பட்டியில் தோழி நூர்ஜஹானின் தோட்டத்தில் எங்கள் சிறிய தொலைநோக்கியை வைத்துப் ஒரு மண்டலத்தைப் பல மாதங்கள் எடுத்த படங்களை, அதே மண்டலத்தை எடுத்து ஓர் ஆய்வகம் பொதுவில் வெளியிட்டிருந்த பெரிய தொலைநோக்கியின் படங்களோடு கணினியில் இணைத்தேன்.

எங்கள் படங்களில் மட்டும் மண்டலத்தின் ஓரமாக வெளிறிய வளைவு ஒன்று தெரிந்தது. லென்ஸ் தூசிதான் என்று முடிவுகட்டி அதை அழித்தேன். ஊரில் நடக்கவிருந்த வானியல் படக் கண்காட்சிக்காக அந்தப் படத்தைப் பாலக்கரை அச்சகத்துக்கும் நூர்ஜஹானுக்கும் அனுப்பினேன். மறுநாள் காலை அவள் போன் செய்தாள்.

“அந்த வளைவை ஏன்டி எடுத்தே? ஆய்வகப் படத்துல வெளிச்சத்தைக் கூட்டிப் பாரு, அதே இடத்துல இருக்கு!”

கூட்டிப் பார்த்தேன். மங்கலாக இருந்தது. பெரிய மண்டலத்தின் ஈர்ப்பில் சிதைந்த ஒரு குட்டி மண்டலத்தின் நட்சத்திரங்கள்தான் அப்படி வளைந்து நீண்டிருந்தன! பதறிப்போய் அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, படம் போட்டுட்டீங்களா?”

“இப்பதாங்க பேப்பர் மாட்டுறேன்.”

“நிறுத்துங்க, வேற படம் தரேன்!”

கண்காட்சியில் அந்த வளைவைப் பார்க்கத்தான் கூட்டம் நின்றது. இப்போதெல்லாம் கறை என்று தோன்றும் எதையும் இரண்டு தொலைநோக்கிகளின் படங்களிலும் தேடிப் பார்க்காமல் நான் அழிப்பதில்லை.