ஈசான மூலைக் குழி

வண்டி நிறுத்தும் இடங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாளையம்பட்டி தாண்டி பைபாஸ் ஓரம் ஒரு கல்யாண மண்டபம், டவுனுக்குள் ஒரு ஜவுளிக்கடை, ஒரு ஆஸ்பத்திரி. இந்த மூன்று இடத்துத் தரையும் என் பொறுப்பு. தார் பெயர்ந்தால் ஒட்டுப் போடுவேன். பேவர் பிளாக் இறங்கினால் தூக்கிவிட்டுச் சரளை கொட்டிப் பதிப்பேன். வெள்ளைக்கோடு அழிந்தால் மறுபடி அடிப்பேன். கோட்டுக்குள் வண்டியை ஒழுங்காக நிறுத்தும் ஆளை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அடிப்பேன்.

ஜவுளிக்கடையும் ஆஸ்பத்திரியும் தொல்லை தராது. மண்டபம்தான் உயிரை வாங்கும். முன்பெல்லாம் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் கம்பை வீட்டு வாசலில் ஊன்றுவார்கள். இப்போது ஊர்த் தெரு பூராவும் சிமெண்டு போட்டுவிட்டார்கள். அதைக் குத்த மனசு வராமல், கம்பைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்து என் தாரைக் குத்துகிறார்கள். அதிலும் எல்லாருக்கும் ஈசான மூலைதான் வேண்டும். மண்டபத்து மேனேஜர் ஒரு தடவை யோசனை பண்ணி, அந்த மூலையில் ஒரு இரும்புக் குழாயை நிரந்தரமாகப் பதித்து மூடியும் போட்டுவைத்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த பெண் வீட்டுக்காரர், "அடுத்தவுக ஊன்டுன குழியில எம்புள்ளைக்குக் கால் ஊன்டவா?" என்று சத்தம் போட்டுவிட்டு ஒரு முழம் தள்ளிப் புதுக் குழி குத்தினார். அந்தக் குழாய் இன்றைக்கும் மூடியோடு சும்மா கிடக்கிறது. அதைச் சுற்றி ஒட்டுமேல் ஒட்டு.

எங்கள் மண் கரிசல். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். தோண்டிய மண்ணையே குழிக்குள் தள்ளித் தார் போட்டால் முதல் மழையிலேயே தூக்கிவிடும். அதனால் கரிசலை அள்ளி வெளியே போட்டுவிட்டுச் சரளையை அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதற்கு மேல்தான் ஜல்லியும் தாரும் போடவேண்டும். அதற்கெல்லாம் முந்தி இன்னொரு வேலை இருக்கிறது. கால் ஊன்றும்போது குழிக்குள் பாலை ஊற்றி நவதானியம் போடுவார்கள். காலைப் பிடுங்கியதும் அந்தத் தானியத்தை ஒன்றுவிடாமல் வழித்து எடுக்கவேண்டும். விட்டால் உள்ளேயே முளைக்கும், பிறகு அழுகும். அழுகிய இடம் பொந்தாகும். ஒரு நாள் பஸ்ஸு சக்கரம் உள்ளே இறங்கும்.

வழித்த தானியத்தைக் குப்பையில் போட எனக்குக் கூசும். துண்டில் முடிந்து பரளச்சிக்கு, வீட்டுக்குக் கொண்டுபோவேன். என் மனைவி அதைக் கழுவி, முளைக்கிறதைப் பொறுக்கி, கொல்லையில் வேலியோரம் ஊன்றிவிடுவாள். "யார் வீட்டுக் கல்யாணமோ, நம்ம வீட்டுல மொச்சை காய்க்குது" என்று சிரிப்பாள். "ஊரே கால் ஊன்டுது, நீங்க புடுங்கிப் போட்டுட்டு வாரீக" என்பாள். எங்கள் ஒரே மகள் அவளோடு உட்கார்ந்து பயறு வேறு, கொள்ளு வேறு என்று பிரிப்பாள். சின்னப் பிள்ளையில் தொடங்கியது, வேலைக்குப் போன பிறகும் விடவில்லை.

போன வருஷம் மாசியில் மனைவி இறந்துபோனாள். விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். வேன் வருவதற்குள் முடிந்துவிட்டது. மகளுக்குப் பாலவனத்தத்தில் மாப்பிள்ளை பேசி முடித்தது அவள்தான்.

மூன்றாம் நாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்தோம். குளித்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். மண்டபத்தில் ஒரு குழி மூடாமல் கிடந்தது, மறுநாள் அங்கே விசேஷம்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றாள் மகள்.

"வேலைக்குப் போயிட்டு வாரேன்."

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் போய்க் குழியை மூடினேன். நன்றாகவே மூடினேன். துக்கம் தெரியாத ஆள் இல்லை நான். அன்றைக்கு எனக்குள் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். கை வேலை செய்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து மகள் என்னிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். "சோறு இருக்கு", "கதவப் பூட்டிக்கோங்க", இப்படி. அம்மாவுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவளுடைய பெரியம்மாவிடம் சொன்னாளாம். அதுவும் உண்மைதான். கல்யாணமாகிப் போவதற்குள் அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று தினமும் நினைத்தேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிடவேண்டும் என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். ஐப்பசியில் நாள் கிடைத்தது. எங்கள் தெருவிலும் சிமெண்டுதான். ஆகவே நானும் ஊரோடு சேர்ந்து, கம்பைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தேன்.

கால் ஊன்றுவது சுமங்கலிப் பெண்கள். என் மாதிரி ஆள் தள்ளி நிற்கவேண்டும். என் அண்ணன் மனைவி முன்னால் நின்றார். அண்ணன் கடப்பாரையை ஓங்கினார். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அங்க வேணாம்ணே, மூணு ஒட்டு சேருற இடம். மொத்தமா பேந்துரும். ஒரு முழம் இங்கிட்டு வாங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மணையில் உட்கார்ந்திருந்த மகளும் பார்த்தாள்.

"இன்னைக்காச்சும் தரையப் பாக்காதீங்கப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். நான் ஜெனரேட்டர் ரூம் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மூன்றாவது பந்தியில் வடை தீர்ந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக் காரில் மகள் ஏறினாள். வாசலில் வாழைமரம் கட்டக் குத்திய குழி, கார் வந்த வழியிலேயே இருந்தது. பலகையைப் போட்டு மூடியிருந்தேன். முன்சக்கரம் பலகையில் ஏறி இறங்கியது, பின்சக்கரமும் ஏறி இறங்கியது. நிமிர்ந்தபோது கார் பைபாஸில் இருந்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியாது. நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தனியாகப் போய்க் காலைப் பிடுங்கினேன். குழிக்குள் தானியம் பாலில் ஊறி உப்பிக் கிடந்தது. வழிப்பதற்குக் கையை விட்டேன். வழித்து எங்கே கொண்டுபோவது? மனைவி போன பிறகு வழித்ததையெல்லாம் ஒரு பெயிண்டு வாளியில் போட்டு ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அது நாறிப்போய்க் கிடந்தது. இதையும் அதில் போடக் கை வரவில்லை. அப்படியே விட்டேன். அள்ளிப் போட்ட கரிசலையே மறுபடி உள்ளே தள்ளி, காலால் மிதித்து, மேலே தாரைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வேலை தெரியாதவன் செய்கிற வேலை. தெரிந்தேதான் செய்தேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்து மேனேஜர் போன் பண்ணினார். "என்னண்ணே, ஈசான மூலை தோசை மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. நீங்களா போட்டீங்க?"

"நான்தான்."

போனை வைத்துவிட்டு அப்போதே கிளம்பினேன்.

போய்க் கடப்பாரையால் நெம்பினேன். தார் அப்பளமாகக் கழன்று வந்தது. அடியில் தானியம் பாதி அழுகியிருந்தது. மொச்சையும் துவரையும் மட்டும் முளைத்து, மேலே வர வழி இல்லாமல், தாருக்கு அடியில் வெள்ளை வெளேரென்று வளைந்து வளைந்து ஓடியிருந்தன. வேர் அறாமல் மண்ணோடு எடுத்துத் துண்டில் முடிந்தேன். குழியை மூடவில்லை. யாரும் விழாமல் இருக்கப் பக்கத்தில் மண்டபத்து நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாலவனத்தம் பஸ்ஸில் ஏறினேன். அப்படி ஒரு குழியை நான் திறந்து போட்டுவிட்டுப் போனது அந்த ஒரு நாள்தான்.

மகள்தான் கதவைத் திறந்தாள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தேனே என்று அப்போதுதான் உறைத்தது. துண்டை அவிழ்த்துக் காட்டினேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"எந்தக் குழிப்பா?"

"உன்னோடது."

"எடுக்காமயா மூடுனீங்க?"

"ஆமா. எடுத்தா யார்ட்ட குடுக்க, ஆத்தா?"

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். "எனக்கு அழுகை வரமாட்டேங்குது. அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வரல" என்றேன். இத்தனை நாள் சொல்லத் தெரியாமல் இருந்தது இதுதான்.

"பரவால்லப்பா" என்றாள். பிறகு மடியில் துண்டை விரித்து, மொச்சையைத் தனியாக, துவரையைத் தனியாகப் பிரிக்கத் தொடங்கினாள். நானும் கூடச் சேர்ந்து பிரித்தேன். அந்த வீட்டுக் கொல்லையில் வேலியோரம் இரண்டு பேரும் ஊன்றினோம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன்.

பஸ் ஸ்டாப் வரை அவளும் வந்தாள். பஸ்ஸு வந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ரோட்டோரம் நின்று கையை ஆட்டினாள். அழுதுகொண்டுதான் நின்றாள். பஸ் வளைவில் திரும்பும் வரை நான் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.