நேற்று வந்த போட்டோக்காரர்

எனக்குப் பேய், ஆவி, கண்ணேறு எதிலும் நம்பிக்கை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, என் தொழில் அப்படி. கோட்டாறில் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "பின்னால நிக்கது யாருன்னு பாருங்க, செத்துப்போன எங்க மாமா மாதிரியே இருக்கு" என்பார்கள். பார்த்தால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் யாரோ குறுக்கே நடந்திருப்பார்கள், இல்லையென்றால் கண்ணாடியில் பிளாஷ் தெறித்திருக்கும். விளக்கிச் சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். அப்படிப்பட்ட ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன்.

சுனாமி முடிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். கல்யாணமும் சடங்கும் எடுத்து அலுத்துப்போய், நம் பக்கத்து ஆட்கள் வேலை செய்வதைப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தேன். மயிலாடியில் சிலை கொத்துகிறவர்கள், உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள் என்று நிறைய எடுத்துவிட்டேன், கரையில் நின்று வலை இழுக்கும் கரமடி மட்டும் பாக்கி. ஒரு கயிற்று முனையைக் கரையில் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள், வள்ளம் கடலுக்குள் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு மறுமுனையோடு கரைக்குத் திரும்பும், அப்புறம் இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். அந்த இழுப்பை எல்லாரும் எடுத்திருக்கிறார்கள். நான் வள்ளத்தில் ஏறி, கடலுக்குள் இருந்து கரையைப் பார்த்து எடுக்க ஆசைப்பட்டேன். என் மனைவிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நீந்தத் தெரியாத ஆளுக்கு வள்ளத்துல என்ன வேல?" என்று முதல் நாள் இரவே சண்டை.

அன்று காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் அவசரத்தில் கேமரா ஸ்டாண்டை மடக்கும்போது பெருவிரல் மாட்டிக் கிழிந்துவிட்டது. என் மனைவிதான் தன் பழைய நீலச் சேலையில் ஒரு கீற்றைக் கிழித்துக் கட்டிவிட்டாள். பைக்கை எடுத்துக்கொண்டு இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு துறைக்குப் போனேன். அந்தக் கரையில் எனக்கு யாரையும் தெரியாது. அதற்கு முன் அங்கே போனதும் இல்லை. இதை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடிந்து வெயில் லேசாக ஏறியிருந்தது. மணலில் வள்ளம், பக்கத்தில் வலையை அடுக்கிக்கொண்டு ஆறேழு பேர். அதில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வள்ளத்துக்குத் தலைவர் போல, மிக்கேல் என்று பெயர், என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வலையைக் கீழே போட்டார்.

"என்ன சாரே, பின்னையும் வந்துட்டிய?"

வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்று சிரித்துவைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"விரலு எப்படி இருக்கு? நேத்து ரெத்தம் நிக்கவே இல்லையே."

"இது இன்னைக்குக் காலையில பட்ட காயம் அண்ணே."

"என்ன சாரே, நேத்தும் இந்த நீலத் துணிதான கட்டியிருந்திய?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முந்தின நாள் பகல் முழுக்க நான் மணவாளக்குறிச்சியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன், காலை ஏழு மணியிலிருந்து பெண்ணழைப்பு முடியும் வரை. முந்நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். சரி, வேறொரு போட்டோக்காரன் வந்திருப்பான், இவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைத்து, அந்த ஆள் பெயர் சொன்னானா என்று கேட்டேன். மிக்கேல் என் பெயரைச் சொன்னார். கோட்டாறில் ஸ்டுடியோ என்றார். என் மகளுக்கு ஏழு வயது என்பதையும் சொன்னார். மீன் எடுக்க வந்து கூடையோடு உட்கார்ந்திருந்த ரோசம்மாள் என்ற பெண்ணும், "ஆமா, இதே சட்டதான்" என்றாள்.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. ஊரில் யாரோ என்னைத் தெரிந்தவன் சொல்லிக்கொடுத்து இவர்கள் விளையாடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. படங்கள் எடுத்தேன். வலையைத் தூக்கி வள்ளத்தில் ஏற்றினார்கள். கிளம்பும் நேரத்தில், நானும் வருகிறேன் என்று சொல்லி விளிம்பில் கை வைத்தேன்.

மிக்கேல் முகம் மாறிவிட்டது. "அது நடக்காது சாரே."

"ஏன்?"

"நேத்து நீங்கதான சொன்னிய? நாளைக்கு நான் வருவேன், வள்ளத்துல ஏத்தச் சொல்லிக் கேப்பேன், சண்ட போடுவேன், என்ன ஆனாலும் ஏத்தாதீங்க, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு. மாதா மேல சத்தியம் வாங்கிட்டுல்லா போனிய!"

எனக்கு நீச்சல் தெரியாது என்பதை நான் அந்தக் கரையில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வந்தது கோபம்தான். என் மனைவி யாரிடமோ சொல்லி இவர்களைத் தடுத்து வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கத்தினேன். காலைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்தேன். மிக்கேல் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார், நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"சத்தியம் பண்ணுனவன் நான். ஏலே, தள்ளுங்கல!"

வள்ளம் இறங்கியது. அதில் ஆறு பேர், கயிற்று முனையைப் பிடித்துக்கொண்டு கரையில் இன்னும் சிலர். நான் மணலைக்கூடத் தட்டாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் விளிம்பு வரைக்கும் போனேன். முதல் அலை ஏறி இறங்கினார்கள், இரண்டாவதும் அப்படியே. அது ஒன்றும் மோசமான கடல் இல்லை. மூன்றாவது அலை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை, லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், வள்ளத்தின் முன்பக்கம் வானத்தைப் பார்த்து எழுந்தது, அப்படியே பின்னோக்கி மடிந்து கவிழ்ந்தது. அடுக்கி வைத்திருந்த வலை முழுக்க அவர்கள் மேல் விழுந்தது. என் விரல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது.

கரையில் கூச்சல். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டுக் கத்தியோடு பாய்ந்தார்கள். ரோசம்மாள் கூடையை எறிந்துவிட்டுத் தலைகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அஞ்சாவது மிக்கேல். ஆறாவது தலை வரவில்லை. அது சிலுவை என்கிறவன், முப்பது வயதிருக்கும். வலைக்குள் சுருண்டு கிடந்தவனை அறுத்து இழுத்து வந்தார்கள். உயிர் இருந்தது. வலது தோள் நொறுங்கியிருந்தது. கடலில் பிறந்து வளர்ந்தவனுக்கே அந்தக் கதி. அவன் உட்கார்ந்திருந்தது முன்பக்கத்தில், நான் கால் வைத்த இடத்தில்.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு மிக்கேல் என்னிடம் வந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"உங்களுக்கு நேத்தே தெரிஞ்சிருக்கு," என்றார். "உங்க உசுர மட்டும் காப்பாத்திட்டுப் போனிய. எங்களப் போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொன்னியளா சாரே?"

நான் இல்லை அண்ணே, அது நான் இல்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போல இருந்தது. அவர் என் விரலில் இருந்த நீலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். சிலுவைக்கு அந்தக் கை பிறகு தோளுக்கு மேல் எழும்பவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன், அவன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். அவள் மகள் தலையில் கை வைத்து, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றாள். கல்யாணப் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருக்கிறது, மண்டபத்துக் கண்ணாடி ஒன்றில் கேமராவோடு நானும் தெரிகிறேன், விரலில் கட்டு இல்லை. என்னைப் போல ஒருவன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். என்னைப் போல ஒருவனுக்கு, மறுநாள் காலையில் என் விரல் கிழியப்போவது எப்படித் தெரியும்?

வள்ளம் கவிழ்ந்த படங்களை யாருக்கும் காட்டியதில்லை. கரமடி இல்லாமலேயே அந்த வேலையை முடித்துக்கொண்டேன்.

நாலைந்து வருடம் கழித்து ரோசம்மாள் என் ஸ்டுடியோவுக்கு வந்தாள், மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேண்டும் என்று. அந்தக் கரையில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியது அவள் ஒருத்திதான். நாள் குறித்துக்கொண்டோம், டீ வரவழைத்தேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"சாரே, தப்பா நினைக்கப்பிடாது. எனக்க தோர்த்த நீங்க இன்னும் தரல்லியே."

"எந்தத் தோர்த்து?"

"மொத தடவ வந்தியல்லா, வள்ளம் கவுந்ததுக்கு முந்துன நாளு, அன்னைக்கு. தலையில இருந்து கால் வர வெள்ளம் சொட்டச் சொட்ட நின்னிய, மழையும் இல்ல ஒண்ணும் இல்ல. குளிருதுன்னு சொல்லி வெறச்சிய. பாவமா இருந்துச்சு, தோள்ல கெடந்தத எடுத்துத் தந்தேன். செவப்புக் கர போட்டது. கொழும்புல இருந்து எனக்க அண்ணன் கொண்டுவந்தது, அதான் கேக்கேன்."

எதிர்த்த கடையில் புதுத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சிவப்புக் கரை கிடைக்கவில்லை. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு போனாள்.