என் பெயரைச் சொல்லிக் கேட்ட பிள்ளை

கோர்ட்டுக்கு நான் போனது என் மகனுக்காக. அவன் பெண்டாட்டி என் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நாகல் நகரிலுள்ள தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கை நீட்டியதுதான் காரணம். அதை மூடி மறைக்க மாட்டேன். பிள்ளை தன்னிடம்தான் வளர வேண்டும் என்று அவன் வழக்குப் போட்டான். பிள்ளையைப் பிடுங்கிவிட்டால் அவளும் பின்னாலேயே வந்து காலில் விழுவாள் என்று நினைப்பு.

ஜட்ஜ் தீர்ப்புச் சொல்லவில்லை. முதலில் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார். தாடிக்கொம்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது மகன் எனக்குப் பாடம் நடத்தினான்.

"ஆத்தா, நீ ஒண்ணும் பேச வேணாம். பிள்ளைய நான் பாத்துக்கிறேன்னு மட்டும் சொல்லு, அம்புட்டுத்தான்."

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஆம்பளைகள் பேசுவார்கள், பொம்பளைகள் ஓரமாக நிற்போம். அதே நினைப்பில் அந்த அறையிலும் சுவரோரமாக நின்றேன். சமரசம் பேச வந்த வக்கீலம்மா, மருமகளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. இங்க பேசுறது ஜட்ஜ் காதுக்குப் போகாது. ஒருத்தர் பேசுறப்ப இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது."

பிறகு மகனிடம் கேட்டார்: "நீங்க ஒட்டன்சத்திரத்துல காய் லோடு ஏத்திக்கிட்டு கேரளா போறவரு. பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டீங்க. பிள்ளையக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்புறது யாரு?"

"எங்க ஆத்தா."

"காய்ச்சல் வந்தா?"

"எங்க ஆத்தா இருக்குல்ல."

சோறு ஆக்கிப் போடுவது யார் என்றதற்கும் என்னைத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பெயரைச் சொல்லி ஒரு தாயிடமிருந்து பிள்ளையைக் கேட்கிறான்!

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் வளக்க மாட்டேன்" என்றேன்.

மகன் துள்ளி எழுந்தான். "ஆத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"ஏலே, உக்காரு. குறுக்க பேசக் கூடாதுன்னாங்கல்ல. உன்னைய வளத்த லட்சணத்தைத்தான் ஊரே பாக்குதே. அந்தப் பிள்ளைக்கு ஆத்தா இருக்கா. இந்தா, எதுக்க உக்காந்திருக்கா."

மருமகள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "அத்தை, பிள்ளைய உங்க கண்ணுல காட்டக் கூடாதுன்னு எனக்கு ஆசையா? இவரை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"ஞாயித்துக்கிழமை மட்டும் அனுப்பு. நான் பக்கத்துலயே இருப்பேன். இவன் கை ஓங்குனா, அடுத்த நிமிசமே பிள்ளையோட உன் வீட்டுக்கு வந்துருவேன்."

நான் மாட்டேன் என்ற பிறகு அவன் வழக்குக்கு நிற்கக் கால் இல்லை. மருமகளும் சம்மதிக்க, பிள்ளை தாயிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் என்று எழுதினார்கள். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். எனக்கு மை டப்பாவை நீட்டினார்கள். அதைத் தள்ளிவிட்டு, எழுத்துக் கூட்டி என் பெயரை நானே எழுதினேன்.

பெற்ற மகனையே கோர்ட்டில் விட்டுக்கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் என் காதுபடப் பேசினார்கள். ஆமாம், விட்டுக்கொடுத்தேன். அதற்காக ஒருநாளும் தலை குனிந்து நடக்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றாள். மகன் சீப்பும் கையுமாக என்னைக் கூப்பிட்டான்.

"ஆத்தா, வந்து சடை பின்னி விடேன்."

"பிள்ளை வேணும்னு கேஸ் போட்டது யாரு? நீயே பின்னு."

"அப்பா, வலிக்குதுப்பா!" என்று அவள் கத்தினாள்.

சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். "சிக்கெடுத்துட்டுச் சீவு" என்று சொன்னேனே தவிர, இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.