வேரைத் தேடும் கை

டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் அதன் அடிப்பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுரண்டிப் பார்க்கிறார் சுஃபியான் அண்ணன். பழைய விலை ஸ்டிக்கரின் பசை கொஞ்சம் தட்டுப்பட்டாலும் போதும், டீ ஆறினாலும் சரி, அது போன பிறகுதான் முதல் வாய். மாடிப்படிக் கைப்பிடியில் உலர்ந்த பெயின்ட் துளி, பைக் டேங்கில் காக்கை எச்சம், எதையும் விடுவதில்லை. "வேர் நிக்கக் கூடாதும்மா" என்பார்.

நாற்பத்தாறு வயது. இரும்புலியூரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். விடிவதற்கு முன்பே பைக்கை உதைத்து, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு நிலையம் கடல்நீரைக் குழாயில் உறிஞ்சிக் குடிநீராக்குகிறது. குழாயின் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று உண்டு. அதில் ஒட்டி வளர்கிற உயிர்களை, முங்கிப் போய்ச் சுரண்டி எடுப்பது அண்ணனின் இருபது வருட வேலை.

ஒட்டுகிறவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, கறுப்புச் சிப்பி. நார்நாராக நூல் விட்டுத் தன்னைக் கட்டிக்கொள்ளும். இடம் பிடிக்காவிட்டால் அறுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். மற்றது கொட்டலசு. சுண்ணாம்பில் செய்த குட்டி எரிமலை மாதிரி இருக்கும். அண்ணனின் ஆட்கள் அதைப் 'பல்லு' என்கிறார்கள்.

"குஞ்சா இருக்கசொல்ல எள்ளுல பாதிகூட இருக்காது. ரெண்டு மீசை கீது. அத்த வெச்சிக்கினு நடந்து நடந்து பாக்கும். இங்க வாணாம், அங்க வாணாம்னு, வாடகைக்கு வூடு தேடுற மாரி. புடிச்சிப்போச்சின்னா தலைய கீழ வெச்சி பசைய கக்கிடும். அவ்ளோதான். சாவுற வரைக்கும் தலைகீழா நின்னுகினு காலால சோறு தின்னும்" என்றார் அண்ணன்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, மறுபடி பெட்டி கட்டலாமா என்று யோசிக்கிறவள் நான். "நீ சிப்பிம்மா. நானு பல்லு" என்று சிரித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சித்திகா அக்காவின் குரல் வந்தது: "பல்லேதான். பொண்ணு பாக்க வந்த மனுசன் சாயங்காலம் வரைக்கும் எங்க வூட்டு சேரை வுட்டு எந்திரிக்கல."

பல்லை உடைப்பது சுலபம். ஆனால் ஓடு போன இடத்தில் வெள்ளை வட்டமாக ஒரு மெல்லிய தகடு தங்கிவிடும். அதுதான் வேர். அதை விட்டுவிட்டால் அடுத்த குஞ்சுகள் அதையே தேடி வந்து சுற்றிக் குடியேறும். கலங்கிய தண்ணீரில் கண் உதவாது. அண்ணன் வலது கையில் பிடித்த இரும்புச் சுரண்டியால் சுரண்டிக்கொண்டே இடது விரல் நுனிகளால் தடவித் தடவி வேரைத் தேடுவார்.

போன மாதம் ஒருநாள், ஆவி பறக்கிற டம்ளரை அந்த இடது கையில் வெகுநேரம் பிடித்திருந்தார். விரல்கள் சிவந்ததை நான்தான் பார்த்தேன்.

"சுடலையா அண்ணா?"

கையைக் குனிந்து பார்த்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "சுடுது, சுடுது" என்றார். பிறகு, "யாராண்டயும் சொல்லிடாதம்மா."

தாம்பரத்தில் டாக்டர் நரம்பு என்றார். மூன்று மாதம் கடலில் இறங்கக் கூடாதாம். "மூணு மாசம் குந்திக்கினு இருந்தா அந்த எடத்துல வேற பல்லு ஒட்டிக்கும்" என்று மாத்திரையை மட்டும் வாங்கி வந்தார். கை மாற்றிச் சுரண்டியும் பார்த்தாராம். மரத்துப்போன கையில் சுரண்டி நிற்கவில்லை.

போன வாரம் ஒப்பந்தக்காரர் தட்சிணாமூர்த்தியிடமிருந்து போன். பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். ஸ்பீக்கரில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"இன்னா பாய், அறுப்புக்கு அனுப்புனா நாத்து நட்டுட்டு வந்துகீற? மூணே வாரத்துல மொத்தமும் மொளச்சிகீது!"

"தண்ணி கலங்கல் சார்."

"இருபது வருசமா கலங்கல்தான். வியாழக்கெழம நீ ஏறுனதும் கேமரா எறங்கும். வேர் தெரிஞ்சிதுன்னா, கோச்சிக்காத பாய், இனிமே படகுல குந்திக்கினு கயிறு புடி."

அன்றிலிருந்து வீட்டில் யாரும் வியாழன் என்ற சொல்லைச் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டைமாடியில் ஒத்திகை நடந்தது. பல் அப்பிய பழைய இரும்புத் தகடு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தார். சித்திகா அக்காவின் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுரண்டினார். இடது விரல்களால் முழுதும் தடவினார்.

"சுத்தம்."

அக்கா அருகே வந்து உட்கார்ந்தாள். அவர் விரலைப் பிடித்து ஒரு வெள்ளை வட்டத்தின் மேல் வைத்தாள். "இங்க?"

"சுத்தம்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் துணிக்கொடியைப் பார்த்தேன். அதில் அவர் கடலில் முங்கும்போது போடுகிற முழுக்கை ரப்பர் உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது.

அண்ணன் தகட்டைத் தள்ளி வைக்கக் கையை நீட்டியபோது முன்கையின் உட்புறம் அதில் உரசியது. நின்றார். மணிக்கட்டுக்கு மேலே உள்ள அந்த மெல்லிய தோலால் மறுபடி தடவினார்.

"கீது" என்றார். "இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இதோ, மூணு!"

மூன்றும் சரி. கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து கொடியிலிருந்து உடுப்பை எடுத்தார்.

"வாணாங்க" என்றாள் அக்கா. "வெறுந்தோல பல்லு கிழிச்சிடும். கலங்கல் தண்ணில ரத்தம் வந்தாகூட உங்களுக்குத் தெரியாது."

அவர் உட்கார்ந்து உடுப்பின் இடது கைப்பகுதியைத் தகட்டின் மேல் விரித்தார். சுரண்டியின் கூர்முனையை வைத்து முன்கையை மூடுகிற பகுதியை முழங்கைக்குக் கீழே குறுக்காக அறுத்து எடுத்தார். பிறகு, அறுத்த ஓரத்தில் பிசிறு ஏதும் நிற்கிறதா என்று வலது கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுரண்டிப் பார்த்தார்.