தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில்

ஐந்தாம் மாதத்தில் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, "பாத்ரூம் போக மட்டும் எழுந்திருங்க, மத்தபடி படுக்கைதான்" என்றார் டாக்டர். அதற்கு முந்தைய கரு தங்கவில்லை. அதனால் நான் மறுபேச்சுப் பேசவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுடையது சின்ன வீடு. கட்டிலை ஹாலுக்கு நகர்த்தி, மீன் தொட்டிக்குப் பக்கத்தில் போடும்படி மட்டும் கணவரிடம் கேட்டேன்.

இடது பக்கமாகப் படுத்தால் கண்ணுக்கு நேராகத் தண்ணீர். காலை வெளிச்சம் அதில் இறங்கி, எதிர்ச் சுவரில் பச்சையாக அலையும். கப்பி மீன்கள் என் விரலுக்கு அருகே வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். ஆட்டோ சத்தமும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் இருக்கும். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாமலே மத்தியானங்கள் கரைந்தன.

தண்ணீர் மங்கத் தொடங்கியது. அதுவரை மக்கில் மொண்டு மாற்றிக்கொண்டிருந்தவள் நான்தான். இனி அவர் செய்ய வேண்டும். அவருக்கோ தரையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆகாது. அடையாறில் ஒரு மீன் கடைக்குப் போய், பேட்டரியில் ஓடி அழுக்கை உறிஞ்சும் குழாய் ஒன்றை வாங்கி வந்தார். பட்டனை அழுத்தியதும் அது மிக்ஸி போல இரைந்தது. மீன்கள் செடிகளுக்குப் பின்னால் ஓடின. ஒரு சின்னக் கப்பியின் வால் குழாயின் வாயில் சிக்கியதைப் பார்த்தேன்.

"நிறுத்து. போதும், நிறுத்து" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

மீன் விடுபட்டு, கிழிந்த வாலோடு கூழாங்கற்களுக்கு நடுவே போய் ஒதுங்கியது.

"கடையில இதுதான் நல்லதுன்னு சொன்னாங்க" என்றார், தரையைப் பார்த்தபடி. நான் மீனுக்காக மட்டும் அழவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டில் ஓரமாக வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு போன் செய்து, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் கேட்டேன்.

"வூடு கட்டிக்கினு கீறீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்லைங்க, மீன் தொட்டிக்கு."

"மீனுக்கா?" என்று கொஞ்சம் யோசித்தார். "அப்ப புதுசா பிரிச்சு கட் பண்ணித் தரேன். சார அனுப்புங்க."

படுத்தபடியே ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, வெட்டிய பக்கத்தில் கொசுவலைத் துண்டைக் கட்டினேன். கணவர் ஆணியைச் சுட்டு மூடியில் ஓட்டை போட்டு டியூபைச் செருகினார். ஞாயிற்றுக்கிழமை காலை பாட்டிலைத் தொட்டிக்குள் இறக்கி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினார். தண்ணீர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்து வாய் நிறைந்துவிட்டது. துப்பிவிட்டு, டியூபை ஒரு வாளிக்குள் விட்டபடி, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தேன். சிரிக்கலாமா என்று பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அப்போது உள்ளே, கைக்கு அடியில், ஏதோ மெதுவாகப் புரண்டது.

"என்ன ஆச்சு? வலிக்குதா?"

"பேசாத. இங்க கை வை."

ஈரக் கையை வைத்தார். டியூப் வாளியிலிருந்து நழுவி, தண்ணீர் ஹால் முழுக்கப் பரவியது. அவர் அந்த ஈரத்திலேயே மண்டி போட்டு, அடுத்த அசைவுக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் இருவரும் நகரவும் இல்லை.

மகள் நிறைமாதத்தில், மழை நாளொன்றில் பிறந்தாள். இப்போது அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்தப் பேட்டரிக் குழாயின் வாயில் வலை கட்டி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அதையும் குறை சொல்வதற்கில்லை. என் முறை வரும்போது மட்டும் பாட்டிலை எடுக்கிறேன். மகள் கட்டிலில் வாய் திறந்து தூங்க, தண்ணீர் மெல்லிய சத்தத்தோடு இறங்கிக்கொண்டிருக்கும். வாளி நிறைந்து வழிவதைப் பல முறை கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.