அண்ணனின் பிக்கப்புக்கு நான் மாட்டிய பிரேக்

பக்கவாதம் வந்த பிறகு என் அண்ணனிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. போலாம். பசித்தாலும் போலாம், மூத்திரம் வந்தாலும் போலாம், கோபம் வந்தாலும் போலாம். நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதில் சொல்ல வாயெடுத்தால்தான் எல்லாம் அந்த ஒரே சொல்லாகிவிடும். வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன.

அதற்கு முன் முப்பது வருடம் அவர் மலேசியாவில் பத்து காஜா என்ற ஊரில் கார்ப் பட்டறை வைத்திருந்தார். இருபது வயதுகளில் நானும் அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு காரின் சக்கரத்தில் ஒரு நட்டை முடுக்க மறந்துவிட்டேன். அண்ணன் சக்கரத்துக்குள் இருக்கும் கனமான இரும்புப் பிரேக் ட்ரம் ஒன்றைத் தூக்கி என் கையில் கொடுத்து வெயிலில் போய் நிற்கச் சொன்னார். எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா அன்றைக்குப் பார்த்துத் தன் காரை எடுக்க வந்திருந்தார். "உங்க மருமகன் ஒரு போடோ, பாத்துக்குங்க," என்றார் அண்ணன். மலாயில் மடையன் என்று அர்த்தம். கல்யாணம் நடந்தது. ஆனால் சாகும்வரை மாமனார் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்.

அண்ணி காலைச் சந்தையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கிறார். அடுப்பு, மேசை, பாத்திரம் எல்லாம் அண்ணனின் பழைய பிக்கப்பில்தான் போகும். வண்டிக்கும் எனக்கும் ஒரே வயது. பின் சக்கரங்களில் பிரேக் எண்ணெய் கசிந்து, ட்ரம்முக்குள் அழுந்தி வண்டியை நிறுத்தும் ஷூக்கள் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அந்த மாடலுக்குக் கடையில் சாமான் கிடைக்காது. தாப்பா பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டில் அதே வண்டியின் பின் ஆக்சில் கிடந்தது. அதை முழுசாக ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை நான் குடியிருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா பால் வெட்டிய ரப்பர் தோட்டம்தான் இப்போது அவர்கள் இருக்கும் தாமான், வீட்டு வரிசைக் குடியிருப்பு.

அண்ணி அவரைச் சக்கர நாற்காலியோடு தள்ளிவந்து வண்டிக்குப் பக்கத்தில் விட்டார். "பாக்கட்டும் தம்பி. அவருக்கும் ஆசையா இருக்கும்லா."

பிரேக்கில் காற்று எடுக்கும்போது பெடல் மிதிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருந்தேன். வாங்கிவந்த ஆக்சிலின் இரு முனையையும் பிரித்து, ஷூ, ஸ்பிரிங், அட்ஜஸ்டர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினேன். ஷூ தேயத் தேய ட்ரம்மை நோக்கித் தள்ளிக்கொடுக்கும் சின்னத் திருகுதான் அட்ஜஸ்டர். பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தன. ஒன்றை எடுத்து இடது சக்கரத்தில் வைத்தேன்.

"போலாம்," என்றார் அண்ணன்.

நிமிர்ந்து பார்த்தேன். இடது கையை அந்தச் சக்கரத்துக்கும் இந்தச் சக்கரத்துக்குமாக ஆட்டினார். "போலாம், போலாம்."

"எங்கண்ணே போலாம்? தாப்பாவுக்கா?"

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வாயை ஒரு பக்கமாகக் கோணி, அண்ணன் குரலிலேயே, "கேமரன் மலைக்குப் போலாமா?" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

அண்ணன் குனிந்து என் கையிலிருந்த இன்னொரு அட்ஜஸ்டரைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் வாங்கினேன். உடனே நல்ல காலால் தட்டை எத்திவிட்டார். ஸ்பிரிங்குகள் சாக்கடைவரை உருண்டு ஓடின. நான் எழுந்து நாற்காலியைத் திருப்பி, அவர் முகம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, சக்கரப் பூட்டைப் போட்டேன்.

"செவுத்துக்கிட்ட சொல்லுண்ணே. அது கேட்டுக்கும்."

இன்னும் நாலைந்து தடவை சொன்னார். அப்புறம் பிடரி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தேநீர் கொண்டுவந்த அண்ணி, "ஏன் இப்படி உக்கார வெச்சிருக்கே?" என்று கேட்டார். வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்றேன்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. தாமானை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே நின்றது.

மூன்று வாரம் கழித்து அண்ணி போன் செய்தார். "தம்பி, பெடல் ரொம்பக் கீழ போவுது. ரெண்டு தடவ மிதிச்சாத்தான் நிக்குது."

"ஷூ மாத்துனதுதான் அண்ணி. பழகிடும்லா." நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும் நேரம். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, சந்தைக்குப் போகும் இறக்கத்தில் பெடல் தரைவரை போய்விட்டது. முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள். அதன் மேல் ஏற்றாமல் அண்ணி வண்டியைப் பெரிய சாக்கடைக்குள் இறக்கினார். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

வண்டியை இழுத்துவந்து வீட்டு வாசலில் போட்டிருந்தார்கள். நானே ட்ரம்மைக் கழற்றி, அட்ஜஸ்டரின் அழுக்கைத் துடைத்தேன். வலது பக்கத்தில் இருந்ததில் இடது என்பதற்கான எழுத்து பொறித்திருந்தது. இரண்டுக்கும் மரை எதிரெதிர்த் திசையில் ஓடும். பக்கம் மாற்றி மாட்டிவிட்டால், ஷூவை வெளியே தள்ள வேண்டியது உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னுக்கு ஓடும்போது பிரேக் மிதித்தால்தான் இந்தத் திருகு திரும்பும். தினமும் கடை போடும் இடத்தில் அண்ணி வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் பிரேக் மிதித்தபோதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. அண்ணன் காட்டியது அதைத்தான்.

அவர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டுக் கையைக் கழுவினேன்.

அண்ணி கால்கட்டோடு வீடு திரும்பியதும் முதலில் கேட்டது அதைத்தான். "என்னாச்சு தம்பி? நல்லாத்தானே மாட்டுன?"

"அண்ணன் காட்டுன மாதிரிதான் மாட்டுனேன் அண்ணி. எதெது எந்தப் பக்கம்னு அவருதான் எடுத்துக் குடுத்தாரு."

வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பது எனக்கே ஆச்சரியம். பயத்தில் சொன்னேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான்.

அண்ணி மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷம் செஞ்ச வேலை. வாய்தான் போச்சுன்னு நெனச்சேன்."

அண்ணன் இடது கையால் நாற்காலியை அடித்தார். "போலாம், போலாம், போலாம்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. அண்ணி துடைத்துவிடவில்லை. நானும் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி அவரைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், துணி மாற்றினார். பேச்சு மட்டும் இல்லை. வாசலுக்குத் தள்ளிவருவதையும் நிறுத்திவிட்டார். ஆறு மாதம் அந்த உள்ளறையில் கிடந்து, இரண்டாம் தடவை வந்த பக்கவாதத்தில் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

வருஷத் திதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்ததையும் சேர்த்து. அவர் நாசி லெமாக்குக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி இலைவரை துடைத்து முடித்தார்.

"இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றே?"

"மனசு கேக்கல அண்ணி."

"ஆறு மாசம் அந்த மனுசன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. அவரு செஞ்ச தப்புக்குத்தான் பேசலன்னு இருந்தேன். இப்ப அத நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே போனார். கதவருகே நின்று, "திதிக்கு நீ வராதே," என்றார்.

நான் போகவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் மட்டும் அனுப்பினேன். தம்பிக்கு வேலையாம் என்று அங்கே அண்ணியே எல்லாரிடமும் சொன்னாராம்.